குங்குமம் வைத்த தொப்பித்துரை

கொலம்பஸ், ஒஹையோ
7-3-1999

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். பனி இன்னும் விடவில்லை, மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா, மாமா இன்னும் வெற்றிலை மண்டியில் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாரா, என் மருமகள் அபிதா பரீட்சைக்குப் படிக்கிறாளா என்று எழுது.

போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ மூக்கம்மாள் மதினி வீட்டுக் கூடத்தில் நின்று பேச வேண்டும். அந்த வீட்டார் அத்தனை பேரும் டிவியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். இது அவர்கள் கேட்கிற விஷயம் இல்லை.

அப்பா கொடைக்கானலில் அமெரிக்கத் துரை வீட்டில் சமையல் வேலை பார்த்ததற்கு ஒரு நடத்தைச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார் அல்லவா? அவருடைய டிரங்குப் பெட்டியில் நீள உறைக்குள் இருக்கும். அதே உறையில் ஒரு சின்ன அட்டையும் உண்டு. தொப்பி போட்ட ஆள், தோளில் மட்டை. துரை மகன் கப்பலேறும்போது அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனது. நீ அந்த ஆளுக்குத் தொப்பித்துரை என்று பேர் வைத்து, நான் சோறு தின்னாமல் அடம் பிடித்தால் "தொப்பித்துரை வாராக" என்று மிரட்டுவாயே, அதுதான்.

போன சனிக்கிழமை ஒரு கடையில் தொப்பித்துரையைப் பார்த்தேன் அக்கா. அதே அட்டை. பேஸ்பால் என்று ஒரு ஆட்டம், நம் கிரிக்கெட்டுக்குப் பங்காளி. அதில் அந்த ஆள் இந்த நாட்டுக்கே பெரிய பேர். அவர் படம் போட்ட பழைய அட்டைகளை இங்கே பைத்தியமாய்ச் சேர்க்கிறார்கள். தூசியும் காற்றும் படாமல் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக்கில் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார் கடைக்காரர். விலையைச் சொன்னால் நீ என்னைக் குடிகாரன் என்பாய். நம்முடைய அந்த ஒரு அட்டையும் இதே மாதிரி இருந்தால் போதும். சின்னக்கருப்பு விற்க நினைக்கிற கிணற்றுத் தோட்டத்தை வாங்கிவிடலாம். நான் இந்த வேலைக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஊரோடு வந்துவிடலாம். நம் வெற்றிலைக் கொடிக்காலைப் பெருக்கிக்கொண்டு, உன் கையால் தின்றுகொண்டு கிடப்பேன்.

அட்டை இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் பத்திரமாக வை. தை மாதம் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.
தம்பி சுருளிராஜன்


ஜெயமங்கலம்
26-3-1999

தம்பி சுருளிராஜனுக்கு அக்கா நாகஜோதி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு வலது முட்டு தேவலை, இடது முட்டு பிடித்துக்கொண்டது. மூக்கு ஒழுகினால் சும்மா இருக்காதே, மிளகு கிடைத்தால் தட்டிப் போட்டுக் குடி.

உன் கடிதத்தை மாமா சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் நான் பிடுங்கிக்கொண்டேன். பரணில் ஏறி டிரங்கை இறக்கினோம். தொப்பித்துரை இருக்கிறார்! உறைக்குள் இருந்ததால் பூச்சி தொடவில்லை. நேற்று அச்சடித்தது போல மூலையெல்லாம் கூராக இருந்தது. முதுகுப் பக்கம் மட்டும் லேசாகப் பழுப்பு. ஈரத்துணியால் பதமாக ஒத்தி எடுத்துவிட்டேன்.

நீ சொன்னபடியே பிளாஸ்டிக் போட்டாயிற்று. பெரியகுளம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அம்மாவாசி ஜெராக்ஸ் கடையில் புது மெஷின் வந்திருக்கிறது. நம் ரேஷன் கார்டு, அபிதா மார்க் ஷீட் எல்லாம் அங்கேதான் லேமினேஷன் செய்தோம். சாதா தாள் வேண்டாம், கனமான தாளில் போடச் சொன்னேன். உள்ளே கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி சுடச்சுட வருகிறது. இனிமேல் மழையில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. பளபளவென்று இருக்கிறார்.

கிளம்புவதற்கு முன்னால் அம்மா மறித்தாள். "அம்புட்டு வெலை போற பொருளு, ஒரு பொட்டு வைக்காமயா கொண்டு போறது? நில்லு ஆத்தா" என்று தொப்பிக்குக் கீழே நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பினாள். அதுவும் உள்ளேயே பதிந்துவிட்டது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. இப்போது பீரோவில் என் கல்யாணப் பட்டுச் சேலைக்கு நடுவில் படுத்திருக்கிறார்.

சின்னக்கருப்பு அண்ணனிடம் பேசிவிட்டேன். "தம்பி வாராருன்னா நா யாருக்கும் குடுக்கல தாயி, தை வரைக்கும் பொறுக்கேன்" என்றார். எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. நீ வந்துவிடுவாய் என்று நினைத்தாலே சிரிப்பாக வருகிறது.

உடம்பைக் கவனி.
அக்கா


கொலம்பஸ்
11-4-1999

மாமா தவசி அவர்களுக்குச் சுருளிராஜன் வணக்கம். தாங்கள் நலமா, மண்டியில் வரத்து எப்படி?

இந்தக் கடிதத்தை மண்டி விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள், அக்கா கண்ணில் படக்கூடாது.

மாமா, அட்டை போய்விட்டது. இங்கே போடுகிற பிளாஸ்டிக் உறை வேறு. அது சட்டைப்பை மாதிரி, அட்டையை உள்ளே செருகலாம், உருவலாம். ஒட்டவே ஒட்டாது. அக்கா செய்திருப்பது சூட்டில் பசையோடு ஒட்டுவது. அதைப் பிரித்தால் படமும் கூடவே உரிந்து வரும். மனசு கேட்காமல் கடைக்காரக் கிழவரிடம் போய், "ஒருவர் லேமினேஷன் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். குங்குமத்தைப் பற்றி நான் அவரிடம் வாய் திறக்கவில்லை.

அதன் கிராக்கியே மூலையும் மேல்தாளும் பழுதில்லாமல் இருப்பதில்தான். நம்முடையது அப்படித்தான் இருந்திருக்கிறது. அக்காவே எழுதியிருக்கிறது, நேற்று அச்சடித்தது போல என்று. அந்த வரியைப் படித்துவிட்டு நான் குளியலறையில் போய் அழுதேன். கூட இருக்கிற பையன்கள் வீட்டில் ஏதோ சாவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அக்காமேல் ஒரு குற்றமும் இல்லை. பிளாஸ்டிக்கில் போடுகிறார்கள் என்று எழுதியவன் நான். எந்தப் பிளாஸ்டிக் என்று எழுதாதவனும் நான். தெரிந்தால் அக்கா தாங்காது. சோறு தண்ணி இல்லாமல் கிடக்கும். நீங்கள் பக்குவமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வராததற்கு வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் மைத்துனன்
சுருளிராஜன்


கொலம்பஸ்
11-4-1999

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் இடது முட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எனக்கு மூக்கு நின்றுவிட்டது.

அட்டையைப் பத்திரப்படுத்தியது குறித்துச் சந்தோஷம். அது பீரோவிலேயே இருக்கட்டும். இங்கே இப்போது அந்த வியாபாரம் கொஞ்சம் மந்தம் என்கிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்று பார்க்கிறேன். ஆபீசிலும் 2000 பிறப்பதற்குள் கம்ப்யூட்டரையெல்லாம் சரிக்கட்ட வேண்டும் என்று யாருக்கும் லீவு இல்லை. தை மாதம் வருவது கஷ்டம் போலத் தெரிகிறது.

அம்மாவுக்கு நமஸ்காரம்.
சுருளிராஜன்


ஜெயமங்கலம்
19-9-1999

தம்பி சுருளிராஜனுக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தைத்தான் நான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான்கு வரி எழுதினாய், அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

ஆடிக் காற்றில் கொடிக்கால் தெற்கு வரிசை, கொடி படர்ந்த அகத்தி மரங்களோடு சாய்ந்துவிட்டது. மாமாவும் நானும் தூக்கிக் கட்டினோம். இரண்டு ஆள் கூலிக்கு வந்தார்கள், ஒருவன் மத்தியானமே ஓடிவிட்டான். நீ இருந்திருந்தால் என்று மாமா சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். இப்போதெல்லாம் உன் பேச்சை எடுத்தாலே அவருக்கு மண்டியில் வேலை வந்துவிடுகிறது.

வியாபாரம் மந்தம் என்றால் எத்தனை நாளைக்கு மந்தம்? வெற்றிலைகூட முகூர்த்தம் வந்தால் ஏறுகிறது. சின்னக்கருப்பு அண்ணன் நேற்று வந்து உட்கார்ந்து, காபி குடித்து, எழுந்து போகும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னார். "கம்பத்துல இருந்து திராட்சைக்காரக வந்து பாத்துட்டுப் போனாக. நா வாக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லிட்டேன். தம்பி ஒரு வார்த்தை எழுதச் சொல்லு தாயி." ஒரு வார்த்தை எழுது.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பீரோவைத் திறந்து தொப்பித்துரைக்குச் சூடம் காட்டுகிறேன். அபிதா கேலி பண்ணுகிறாள். பண்ணட்டும்.

அக்கா நாகஜோதி


பெரியகுளம்
20-1-2000

மைத்துனர் சுருளிராஜனுக்குத் தவசி எழுதுவது. நலம், அவ்விடமும் அப்படியே இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. சரக்குச் சீட்டுதான் எழுதியிருக்கிறேன். அதனால் நேராகச் சொல்கிறேன்.

சின்னக்கருப்பு தோட்டம் கைமாறிவிட்டது. தைப்பொங்கல் கழித்துக் கம்பத்து ஆள் பத்திரம் பதிந்துவிட்டார். அந்த மனுஷன் மேல் தப்பில்லை, உன் வார்த்தைக்கு ரொம்ப நாள் காத்திருந்தார். அன்றைக்கு உன் அக்கா அடுப்பே பற்றவைக்கவில்லை.

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அவள் சூடம் காட்டும்போது நானும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். போன வாரம் கண் கலங்கிவிட்டது, சூடப்புகை என்று சொன்னேன். உன்னைத் திட்டுகிறாள். நன்றி கெட்டவன் என்கிறாள். நியாயமில்லாத திட்டு என்று எனக்குத் தெரியும், சொல்ல வழியில்லை. மண்டியில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இது மாதிரி நெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

ஒன்று கேட்கிறேன். அட்டை போனால் போகட்டும். நம் கொடிக்கால் இருக்கிறது, வீடு இருக்கிறது. அட்டை இல்லாமல் நீ வருவாயா, மாட்டாயா? வருகிறேன் என்று மட்டும் எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தவசி


ஜெயமங்கலம்
14-5-2000

சுருளிராஜனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தோம். அம்மா உன் பேருக்குத் தீச்சட்டி நேர்ந்திருந்தாள், முட்டு வலியோடு அவளால் முடியாது என்று நான் எடுத்தேன். கங்கு தெறித்துக் கையில் கொப்புளம். இதை எழுதுவது உன்னை வருத்தப்பட வைக்கத்தான், வேறொன்றுக்கும் இல்லை.

தோட்டம் போய்விட்டது. மாமா எழுதியிருப்பார். பத்து மாதமாக ஒரு வயசாளி உன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விற்கப் பிடிக்கவில்லை என்றால் விற்கவில்லை என்று சொல். வரப் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல். பீரோவில் ஒரு தோட்டமே படுத்துக் கிடக்கிறது, அதை வந்து எடுத்துக்கொண்டு போக உனக்கு வலிக்கிறது, நன்றி கெட்டவனே. ஊர் கசந்துவிட்டது, நாங்களும் கசந்துவிட்டோம். அமெரிக்காவில் குளிர் நன்றாக இருக்கிறது போல.

நானும் இனி எழுதப்போவதில்லை.
நாகஜோதி


கொலம்பஸ்
22-10-2000

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு மதுரைக்கு வருகிற நண்பரிடம் அம்மாவுக்குக் கம்பளிச் சால்வையும், அபிதாவுக்குப் பேனாவும், உனக்குக் கைக்கடிகாரமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மாமாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை, ஒரு டார்ச் லைட் வைத்திருக்கிறேன்.

உன் கை ஆறிவிட்டதா?

வேலை அதிகம். அதனால்தான் எழுத முடியவில்லை. நீ எழுதியதற்கெல்லாம் நேரில் பதில் சொல்கிறேன்.

சுருளிராஜன்


ஜெயமங்கலம்
8-4-2001

தம்பி சுருளிராஜனுக்கு அக்கா எழுதுவது. கடிகாரம் நன்றாக ஓடுகிறது. கை எப்போதோ ஆறிவிட்டது.

தேனியில் பிரௌசிங் சென்டர் திறந்திருக்கிறார்கள். அபிதா காலேஜ் விண்ணப்பம் பார்க்க வேண்டும் என்றாள், கூடப் போனேன். அவள் வேலை முடிந்ததும், "அந்தத் தொப்பித்துரை என்ன வெலைன்னு இதுல பாக்க முடியுமாடி?" என்று கேட்டேன். பார்த்தாள். படம் வந்தது. ஒரு முழுத்தாள் இங்கிலீசும் வந்தது. படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். நான் தோளில் ஒரு அடி போட்ட பிறகுதான் சொன்னாள். துடைக்கக்கூடாது. எதையும் ஒட்டக்கூடாது. லேமினேஷன் செய்தது காசுக்கு ஆகாது.

பஸ்ஸில் வரும்போது எனக்கு எல்லாம் கணக்காகப் புரிந்துவிட்டது. உன் நான்கு வரிக் கடிதம், மாமாவின் மண்டி வேலை, சூடப்புகை எல்லாம். வீட்டுக்கு வந்ததும் உன் மாமாவைப் பிடித்தேன். "எத்தனை நாளா தெரியும்?" "தெரியும்." "எத்தனை நாளா?" "நீ சூடம் காட்ட ஆரம்பிச்சதுல இருந்து." அன்றைக்கு அவருக்குப் பழைய சோறுதான்.

ஏலே, என்னை நீங்கள் இரண்டு பேரும் என்னவென்று நினைத்தீர்கள்? தொட்டால் உடைகிற மண்பானை என்றா? நான் உன்னை நன்றி கெட்டவன் என்று எழுதினேன். ஊர் கசந்துவிட்டது என்று குத்திக்காட்டினேன். அத்தனையும் வாங்கிக்கொண்டு, கை ஆறிவிட்டதா என்று கேட்கிறாய். அந்த வரியை நினைத்து நான் அழுத அழுகை உனக்குத் தெரியாது. உன் கனவை என் கையாலேயே மெஷினில் கொடுத்து உருவி வாங்கியிருக்கிறேன். முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன்.

போகட்டும். அட்டை ஒரு காகிதம். இப்போது எனக்கு மனசு லேசாகத்தான் இருக்கிறது. நீ வராமல் இருந்தது ஊர் பிடிக்காமல் இல்லை, அட்டை கெட்டதை என்னிடம் சொல்ல முடியாமல்தான். இனி அந்தச் சங்கடம் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. தோட்டம் இல்லாவிட்டால் என்ன, கொடிக்காலில் பாதியை உன் பேருக்கு எழுதுவதாக மாமா சொல்கிறார். கிளம்பி வா. எந்த மாதம் என்று மட்டும் எழுது.

அக்கா நாகஜோதி


கொலம்பஸ்
3-6-2001

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். மாமாவும் இதைத்தான் கேட்டிருந்தார், அவருக்கு நான் பதிலே போடவில்லை. உனக்கும் போடாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை.

அக்கா, முதல் கடிதம் எழுதியபோது வர வேண்டும் என்றுதான் இருந்தேன். அதில் பொய் இல்லை. அட்டை கெட்டது தெரிந்து அழுததும் நிஜம். ஆனால் அழுகை அடங்கிய பிறகு எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி போக வேண்டியதில்லை என்று. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த வாரமே, இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்க மனுப் போட்டேன். உன்னிடம் மறைத்தது உனக்காக என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பாதி எனக்காகத்தான். நீ என்னைத் திட்டி எழுதியபோதெல்லாம் அது எனக்குச் சரியாகவே பட்டது, அதனால்தான் பதில் எழுதவில்லை.

இங்கே போன மாதம் ஒரு வீடு வாங்கியிருக்கிறேன். சின்ன வீடு. பின்னால் ஒரு ஆப்பிள் மரம் இருக்கிறது. வருஷம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவேன். அம்மாவுக்கு எந்த ஆஸ்பத்திரி என்றாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். கொடிக்காலை என் பேருக்கு எழுத வேண்டாம், அபிதா பேருக்கு இருக்கட்டும்.

மன்னித்துக்கொள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தம்பி
சுருளிராஜன்


ஜெயமங்கலம்
1-7-2001

தம்பி சுருளிராஜனுக்கு அக்கா நாகஜோதி எழுதிக்கொள்வது. இங்கே மழை இல்லை, மற்றபடி எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நீ புது வீட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

வீடு வாங்கியது அம்மாவுக்குச் சந்தோஷம். "எத்தனை சன்னலு, காத்து வருமா?" என்று கேட்டாள். வரும் என்று சொன்னேன். பால் காய்ச்சினாயா? காய்ச்சாவிட்டால் இனியாவது ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சு.

உன் கடிதத்தை நான் மட்டும்தான் படித்தேன். மாமா கேட்டார், வீடு வாங்கியதை மட்டும் சொன்னேன். மறுபடி ஒருமுறை படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். கோபத்தில் இல்லை. அது வீட்டில் இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

ஊரில் கேட்கிறார்கள், தம்பி ஏன் வரவில்லை என்று. மூக்கம்மாள் மதினி தினம் ஒரு தடவை கேட்கிறாள். "நாந்தே கோட்டித்தனமா மெஷின்ல குடுத்து அட்டையக் கெடுத்துப்புட்டேன் மதினி. அது இருந்தா அவன் இந்நேரம் இங்கன வந்திருப்பான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் என்னைத்தான் வைகிறார்கள். சின்னக்கருப்பு அண்ணன்கூட, "படிச்ச புள்ள நீ, ஒரு வார்த்தை கேட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா தாயி" என்றார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எனக்கு அது கஷ்டமாக இல்லை. கைதவறி ஒரு பொருளைக் கெடுத்தவள் என்றால் ஊரோடு நானும் தலையில் அடித்துக்கொண்டு நடமாடலாம். என் தம்பிக்கு எங்களிடம் வரப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு என்னால் நடமாட முடியாது.

அதனால் நீ வரும்போது யார் கேட்டாலும் அக்காதான் அட்டையைக் கெடுத்தது என்று சொல். அம்மாவிடமும் அப்படியே சொல். இனி எனக்கு எழுதும்போதும் அப்படியே எழுது.

அக்கா
நாகஜோதி